ட்ரௌட் மீனுக்கு எந்த ஃப்ளை, எந்த அளவு, எத்தனை?

நீங்கள் கேட்டது இது: டென்வரில் இருக்கிறீர்கள். 9 அடி நீள 5-வெயிட் ராட் (தூண்டில் கோல்) வாங்கியாகிவிட்டது. ஏப்ரல் கடைசி வாரம் ஆர்கன்சா ஆற்றில் சலைடா பக்கம் முதல் பயணம். கோடையிலிருந்து சவுத் ப்ளாட் ஆற்றில் டெக்கர்ஸ் பக்கம் போக எண்ணம். கடையில் தட்டுத் தட்டாக நூற்றுக்கணக்கான ஃப்ளைகளை, அதாவது முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்த போலிப் பூச்சிகளை, பார்த்து எதை எடுப்பது, எத்தனை எடுப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டீர்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு ஆற்றுக்கும் வருடம் முழுக்க 13 வகை போதும், மொத்தம் 82 ஃப்ளை. புதிதாக வருகிறவர்கள் 50 வகையில் ஒவ்வொன்று வாங்கிப் பெட்டியை நிரப்புவார்கள். ஆற்றங்கரையில் அது கைகொடுக்காது. மீன் ஒன்றைக் கவ்வத் தொடங்கும், அது பாறையில் சிக்கி அறுந்துபோகும், அதே மாதிரி இன்னொன்று பெட்டியில் இருக்காது. வகையைக் குறையுங்கள், முக்கியமான வகையை மூன்று நான்கு அளவிலும், எடை உள்ளது, எடை இல்லாதது என இரண்டு விதத்திலும் வையுங்கள். நான் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஏன் அளவுக்கு இவ்வளவு முக்கியத்துவம்? ட்ரௌட் ஓட்டத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவருவதை எடுத்துத் தின்னும் மீன். ஒரு பூச்சி பெருகியிருக்கும் நேரத்தில் ஒரே உருவம் நூறு தடவை அதன் கண்முன் கடந்துபோகிறது. நூற்றோராவதாக வருவது ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். நிறம் கொஞ்சம் மாறினால் அவ்வளவு தெரியாது. மேலே மிதக்கும் ஃப்ளையைக் கீழிருந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கும்போது அது பெரும்பாலும் ஒரு நிழலுருவம்தான். அதனால் வரிசை இப்படி: எந்த ஆழம், எந்த அளவு, என்ன வடிவம், கடைசியாக நிறம். கடையில் நம் கண் முதலில் நிறத்துக்குப் போகிறது. காசு வீணாவது அங்கேதான்.

அளவு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எண் ஏற ஏற ஃப்ளை சிறுக்கும். 16-ஆம் எண் ஏறத்தாழ ஒரு நெல்மணி நீளம். 22-ஆம் எண் ஒரு சீரகம். சீரகத்தையெல்லாம் ஒரு அரையடி மீன்கூட எடுக்காதே என்று தோன்றும். டெக்கர்ஸில் 18 அங்குல மீன் எடுக்கும்.

இதற்குக் காரணம் அணை. சவுத் ப்ளாட்டின் மேல்பகுதியில் சீஸ்மன் அணை இருக்கிறது, 1905-இல் கட்டி முடித்தது. அதன் அடியாழத்திலிருந்து வரும் தண்ணீர் வருடம் முழுக்கக் குளிர்ச்சியாக, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல், தெளிவாக ஓடுகிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் பெரிய பூச்சிகளின் வகை குறையும். மிட்ஜ் எனப்படும் கொசு போன்ற சிறு பூச்சியும் பேட்டிஸ் என்ற சிறு மேஃப்ளையும் கணக்கில்லாமல் பெருகும். அங்கே 18 முதல் 24 வரையிலான எண்கள்தான் அன்றாடச் சாப்பாடு. ஆர்கன்சா அப்படியில்லை. பனி உருகிப் பாறைமேல் உருண்டோடும் ஆறு. கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை என, நீருக்கடியில் வளர்ந்து பிறகு மேலே எழுந்து பறக்கும் பூச்சிகள் எல்லாம் உண்டு, மீனுக்கு யோசிக்க நேரம் குறைவு. பெரும்பாலும் 8 முதல் 18 வரை போதும், பேட்டிஸ் எழும் நாளுக்கு மட்டும் 20. ஒரே பெட்டியை இரண்டு ஆற்றுக்கும் எடுத்துப் போகலாம். திறக்கும் பக்கம்தான் வேறு.

இப்போது பெட்டி. தண்ணீருக்கு அடியில் போகிறவற்றிலிருந்து தொடங்குகிறேன், ட்ரௌட் பெரும்பாலான நேரம் அங்கேதான் சாப்பிடுகிறது. அடிப்பாறையில் சிக்கி அதிகம் தொலைவதும் அவைதான். ஆகவே 82-இல் 51 இந்தப் பக்கம்.

ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (நிம்ஃப் என்றால் பூச்சியின் நீரடிப் பருவம்) 14 வாங்குங்கள்: தலையில் உலோக மணி வைத்தது 16-ஆம் எண்ணில் 4, 18-இல் 4, மணி இல்லாதது 18-இல் 3, 20-இல் 3. ஒரே ஒரு நிம்ஃப்தான் எடுக்கலாம் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. நூலே இல்லாமல், ஃபெசன்ட் கோழியின் வால் இறகு இழையையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் வைத்துச் சுற்றினார். கம்பியே எடை, கம்பியே கட்டு. பழுப்பு நிறம், வாலில் ஒல்லி, மார்பில் தடிப்பு: மேஃப்ளையின் நீரடிப் பருவங்கள் பலவற்றுக்கும் இந்த உடல்வாகு பொருந்திப்போகிறது.

ஜீப்ரா மிட்ஜ் 10: கறுப்பு 20-இல் 4, 22-இல் 3, சிவப்பு 20-இல் 3. நூலும் கம்பியும் ஒரு மணியும் மட்டும்தான். டெக்கர்ஸில் டிசம்பர் முதல் மார்ச் வரை இதுவே பிழைப்பு. கூடவே ஆர்எஸ்2, சாம்பல் நிறத்தில் 20-இல் 4, 22-இல் 4. இது கொலராடோக்காரரான ரிம் சங் சவுத் ப்ளாட்டுக்காகவே கட்டிய ஃப்ளை. மேலே ஏறி வந்து தோலை உரிக்கும் பேட்டிஸைக் காட்டுகிறது. மேகமூட்டமான வசந்தகால, இலையுதிர்கால மதியங்களில் இதைவிட நம்பிக்கையான ஒன்றை அந்த ஆற்றுக்குச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஹேர்ஸ் இயர், டங்ஸ்டன் மணியோடு 14-இல் 3, 16-இல் 3. முயலின் முகத்து மயிரைத் திரித்துச் செய்தது. கலைந்துபோன மாதிரி இருக்கும். அந்தக் கலைசல்தான் கால்களும் செவுள்களும் அசைவது போலக் காட்டுகிறது. கேடிஸ் புழு, பச்சை நிறத்தில், 14-இல் 3, 16-இல் 3. பேட்ஸ் ரப்பர் லெக்ஸ் 8-ஆம் எண்ணில் 4, கருஞ்சாக்லேட் நிறம். ஸ்டோன்ஃப்ளையைப் போலிருக்கும், கனமும் உண்டு. சான் வான் வார்ம் சிவப்பு, 12-ஆம் எண், 3. இது மண்புழு மாதிரிதான். இதைக் கட்டுவது ஃப்ளை மீன்பிடிப்பே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பனி உருகித் தண்ணீர் கலங்கி ஏறும்போது கரை மண்ணிலிருந்து புழுக்கள் அடித்து வரப்படுகின்றன, மீன் அதைத் தின்கிறது. அப்போது அதைக் கட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

மேலே மிதப்பவை 27. பாராசூட் ஆடம்ஸ் 14-இல் 2, 16-இல் 3, 18-இல் 3, 20-இல் 2. ஆடம்ஸ் 1922-இல் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டியது. குறிப்பிட்ட எந்தப் பூச்சியும் இல்லை, சாம்பல் நிறத்தில் எல்லாப் பூச்சியும் போல இருக்கும். பாராசூட் வகையில் இறகு படுக்கைவாட்டில் சுற்றப்பட்டிருப்பதால் உடல் நீர்ப்பரப்பிலேயே பதிந்து உட்காரும். நடுவில் நிற்கும் வெள்ளைத் தூண் உங்கள் கண்ணுக்கு அடையாளம். எல்க் ஹேர் கேடிஸ் 14-இல் 2, 16-இல் 3, 18-இல் 2. எல்க் மானின் மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது, அதனால் நுரை பொங்கும் ஓட்டத்திலும் தக்கை மாதிரி மிதக்கும். கிரிஃபித்ஸ் நாட் 20-இல் 2, 22-இல் 2. மயிற்பீலியின் ஓர் இழையைச் சுற்றி அதன்மேல் கோழி இறகைச் சுருளாக ஓட்டியது. மிட்ஜ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு மிதக்கும்போது அவற்றைக் காட்ட வேறெதுவும் வேண்டாம். ஃபோம் வெட்டுக்கிளி 10-ஆம் எண்ணில் 3, எறும்பு 16-இல் 3. இந்த இரண்டும் ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை. எறும்பைப் பலர் வாங்குவதே இல்லை. காற்றடிக்கும் ஆகஸ்ட் மதியத்தில், புல்கரை ஓரத்தில், ஆடம்ஸை ஒதுக்கிய மீன் எறும்பை எடுக்கும்.

மிச்சம் 4, வூலி பகர், 8-ஆம் எண்: கறுப்பில் 2, ஆலிவில் 2. அட்டை, சின்ன மீன், நண்டு இனம் என எதுவாகவும் தெரியும். இழுத்து இழுத்து ஓட்ட வேண்டும். இதற்கு மெல்லிய டிப்பெட் (நுனி நரம்பு) கட்டினால் மீன் அடிக்கும் வேகத்திலேயே அறுந்துவிடும், 3எக்ஸைவிட மெல்லியது வேண்டாம்.

டிப்பெட் என்றதும் ஒன்று. வீசும் கயிற்றின் முன்னால் வரும் லீடரின் நுனியில் கட்டும் அந்த மெல்லிய நரம்பின் தடிமனை 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தெரிந்துகொள்ளலாம்: 5எக்ஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு. எதற்கு எது என்பதற்கு ஃப்ளை எண்ணை மூன்றால் வகுத்தால் சுமாராக வரும். 16-க்கு 5எக்ஸ், 18-க்கு 6எக்ஸ். 22-க்கு கணக்குப்படி 7எக்ஸ் வரும், ஆனால் 6எக்ஸோடு நிறுத்துங்கள். 7எக்ஸில் பெரிய மீனை நெடுநேரம் களைக்க வைத்துத்தான் கரைசேர்க்க முடியும், விட்ட பிறகு அது பிழைப்பது சந்தேகம். சிறு ஃப்ளைக்குத் தடித்த நரம்பு கட்டினால் ஃப்ளை தன் போக்கில் மிதக்காமல் விறைத்து நிற்கும். பெரிய ஃப்ளைக்கு மெல்லிய நரம்பு கட்டினால் வீசும்போது பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் நிறத்தைவிட, ஏன், பல நாட்களில் வகையைவிடவும் இதுதான் மீனைத் தீர்மானிக்கிறது. நிம்ஃப் அடியோடு ஒட்டிப் போக வேண்டும். ஓட்டம் மேலே வேகமாகவும் அடியில் மெதுவாகவும் இருக்கும். மீன் அந்த மெதுவான அடிப்பகுதியில்தான் நிற்கும். உங்கள் ஃப்ளை அதன் தலைக்கு ஓர் அடி மேலே போனால் எடுக்க எழாது. டங்ஸ்டன் மணி அதே அளவுப் பித்தளை மணியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், அதனால் ஆர்கன்சாவின் வேகமான ஓட்டத்துக்கு டங்ஸ்டன். டெக்கர்ஸில் முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில் பளபளக்கும் பெரிய மணியைக் கண்டே மீன் விலகும். அங்கே மணியில்லாத ஃபெசன்ட் டெயிலைக் கட்டி, ஆறேழு அங்குலம் மேலே சின்னத் தகரக்குண்டு ஒன்றை நரம்பில் கடித்துவிடுங்கள். ஈயக்குண்டு வேண்டாம். பறவைகள் விழுங்கினால் நஞ்சு. யெல்லோஸ்டோன் பூங்கா போன்ற இடங்களில் தடையும் உண்டு. மீன் தொட்டதைக் காட்ட மேலே மாட்டும் மிதப்புக்கும் குண்டுக்கும் இடையே தண்ணீர் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம் விடுங்கள். ஐந்தாறு முறை விட்டும் மிதப்பு ஒருமுறைகூடத் தயங்கவில்லை என்றால் ஃப்ளையை மாற்றாதீர்கள், குண்டைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சிக்கினால் குறையுங்கள்.

ஆற்றுக்குப் போனதும் பெட்டியைத் திறக்குமுன் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். கணுக்கால் ஆழ ஓட்டத்தில், தேங்காய் அளவுக் கல். எடுத்ததும் அடிப்பக்கத்தைத் திருப்பி, சரிவாகப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் ஈரமும் பாசியும்தான் தெரியும். பிறகு பாசியின் ஒரு துளி நகரும். தட்டையாக, மூன்று வாலோடு நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடினால் அது மேஃப்ளை நிம்ஃப். இரண்டே வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், நடை நிதானம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையோ குச்சியையோ ஒட்டிக் கட்டிய சிறு குழாய் கல்லோடு ஒட்டியிருந்தால் அது கேடிஸின் வீடு. நுனியைக் கிள்ளினால் உள்ளே பச்சைப் புழு. மேஃப்ளையின் முதுகில் சிறகு மடிந்திருக்கும் மேடு வெளிறியிருந்தால் அது வெளிவர நாளாகும். கறுத்துப் பருத்திருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ எழும். அதன் பக்கத்திலேயே உங்கள் ஃப்ளையை வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். ஏறக்குறைய எல்லாருமே கையில் ஒரு அளவு பெரிதாக வைத்திருப்பதுதான் தெரியவரும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமாக வையுங்கள்.

மீன் மேலே வந்து எடுத்தால் அலையைப் படியுங்கள். மூக்கு தெரிந்து, பின்னால் ஒரு காற்றுக்குமிழி மிஞ்சினால் மேலே மிதப்பதைத்தான் எடுத்திருக்கிறது. ஆடம்ஸ், கிரிஃபித்ஸ் நாட் கட்டுங்கள். மூக்கு தெரியாமல் முதுகும் துடுப்பும் மட்டும் புரண்டால் பரப்புக்குக் கீழே விரலளவு ஆழத்தில் எடுக்கிறது. அப்போது ஆடம்ஸை எவ்வளவு அழகாக வைத்தாலும் பலனில்லை; அதே ஆடம்ஸின் முள் வளைவில் 40 செ.மீ. நரம்பு கட்டி ஆர்எஸ்2-வைத் தொங்கவிடுங்கள். சளப்பென்று தண்ணீர் சிதறினால் பெரும்பாலும் கேடிஸ்.

ஃப்ளையை மீன் பார்த்துவிட்டு ஒதுங்கினால் உடனே பெட்டியைத் திறப்பதுதான் எல்லாருக்கும் வரும் பழக்கம். முதலில் ஃப்ளை ஓட்டத்தோடு அதே வேகத்தில் போகிறதா என்று பாருங்கள். நரம்பு இழுத்து அதன் பின்னே மெல்லிய கோடு விழுந்தால், எந்த ஃப்ளை கட்டினாலும் கதை அதேதான். நிற்கும் இடத்தை இரண்டு அடி மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டிப்பெட்டை ஓர் எண் மெலிதாக்கி ஓரடி நீட்டுங்கள். அதன்பின் அதே வகையில் ஓர் அளவு சிறியது. நிறம் மாற்றுவது நாலாவதாகத்தான்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? முள்ளின் காதுதான் முதல் சோதனை. மலிவான ஃப்ளைகளில் பசையும் இறகும் காதை அடைத்திருக்கும். அந்தி வெளிச்சத்தில் 20-ஆம் எண் முள்ளின் அடைபட்ட காதில் நரம்பு கோர்க்க முயன்றால் அதன் அருமை தெரியும். பாராசூட் ஃப்ளையில் சுற்றிய இறகு முள்ளின் வாயகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்குமேல் நீண்டிருந்தால் கவிழ்ந்து மிதக்கும். தலைக்கட்டை நகத்தால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் ஒரு மீனோடு அவிழ்ந்துவிடும். கூர்மைக்கு, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுங்கள். வழுக்கினால் மொண்ணை, கொத்தி நின்றால் சரி. முனைக்குப் பின்னால் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். இடுக்கியை முனையின் திசையிலேயே நீளவாட்டில் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும். குறுக்கே பிடித்து நெரித்தால் முனை ஒடிந்துவிடும். சீஸ்மன் அணைக்குக் கீழே உள்ள சீஸ்மன் பள்ளத்தாக்கில் செயற்கை ஃப்ளையும் லூரும் (செயற்கை இரை) மட்டுமே அனுமதி, பிடித்த ட்ரௌட்டைத் திரும்ப விட வேண்டும். எதிர்முள் இல்லாவிட்டால் மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே கழற்றலாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தே இரவு முழுக்க வையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் ஒரு முள் துருப்பிடித்தால் அதன் கறை பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பரவும். மிதக்க வைக்கும் ஜெல்லை ஃப்ளை நனையுமுன் தடவ வேண்டும், கடுகளவு போதும். நனைந்து மூழ்கத் தொடங்கியதற்கு ஜெல் போட்டால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் குலுக்குங்கள்.

82-ஐயும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒன்று 3 டாலர் என்று வைத்தாலும் 250 டாலர் பக்கம் போய்விடும். ஏப்ரல் பயணத்துக்கு 29 போதும்: ரப்பர் லெக்ஸ் 2, மணி வைத்த ஃபெசன்ட் டெயில் 16-இல் 3, 18-இல் 3, ஆர்எஸ்2 20-இல் 3, பச்சைக் கேடிஸ் புழு 4, ஹேர்ஸ் இயர் 16-இல் 3, எல்க் ஹேர் கேடிஸ் 14-இல் 2, 16-இல் 3, ஆடம்ஸ் 18-இலும் 20-இலும் இரண்டிரண்டு, கறுப்பு வூலி பகர் 2.

ஆர்கன்சாவில் அந்த வாரத்தின் விசேஷம் கேடிஸ். அன்னையர் தினக் கேடிஸ் என்று பெயர், ஆனால் மே இரண்டாம் ஞாயிறு வரை காத்திருப்பதில்லை. ஏப்ரலிலேயே கேன்யன் சிட்டி பக்கம் தொடங்கி, தண்ணீர் சூடேற ஏற ஆற்றின் மேல்நோக்கிச் சலைடாவுக்கு நகரும். ஒரு தெர்மாமீட்டர் எடுத்துப் போங்கள். காலையில் தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இருக்கையில் மிதப்புக்குக் கீழே ரப்பர் லெக்ஸ், அதிலிருந்து 45 செ.மீ. தள்ளி 18-ஆம் எண் ஃபெசன்ட் டெயில். 50-ஐத் தாண்டியதும் ரப்பர் லெக்ஸைக் கழற்றிவிட்டுப் பச்சைப் புழு. மேகம் மூடினால் மதியம் பேட்டிஸ் எழும், ஆர்எஸ்2-வைக் கையருகில் வையுங்கள். வெயில் அடித்து 54 பக்கம் வந்தால் கேடிஸ் கிளம்பும் நேரம். அப்போது ஹேர்ஸ் இயரை ஓட்டத்தின் கடைசியில் தடுத்து நிறுத்தி, மேலே எழ விடுங்கள். பெரும்பாலான கவ்வல் அந்த எழுச்சியில்தான் விழும். பிற்பகலில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். எல்க் ஹேர் கேடிஸைக் கரைக்கு ஓரடிக்குள், புதர்களின் கீழே விடுங்கள், வீச்சு 25 அடிக்குமேல் வேண்டாம். கிளம்பும் முன்தினம் உள்ளூர்க் கடைக்கு ஒரு ஃபோன் போட்டு, ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் ஓடுகிறது, கேடிஸ் எந்தப் பாலம் வரை ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். போகும் வழியில் அதே கடையில் அவர்கள் சொல்லும் ஃப்ளையில் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்.